ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் வருவது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்கு இங்கேதான் திரும்ப வேண்டும். அந்த முக்கில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், விதவிதமான சுமைகள் கண்ணில் படும். வத்திராயிருப்புப் பக்கமிருந்து தேங்காய் ஏற்றி வரும் குட்டி யானைகள். இரு பக்கமும் பால் கேன் தொங்கும் மொபெட்டுகள். ஒரே பைக்கில் மூன்று பேராகக் கல்லூரிக்குப் பறக்கும் மாணவர்கள். அமாவாசை நெருங்கினால் சதுரகிரி மலைக் கோயிலுக்குப் போகும் வேன்களும் சேர்ந்துகொள்ளும். ஆட்கள் உள்ளே, மூட்டைகள் கூரைமேல்.

இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் ஷாக் அப்சார்பர் உண்டு. அது தேய்ந்துபோனால் எல்லாரும் ஒர்க்‌ஷாப்பில் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணே, ஷாக் மாத்தணும், எது நல்ல ஐட்டம்?" விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டார். "தம்பி, வண்டியில என்ன ஏத்துறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். ஷாக் அப்சார்பரின் இயற்பியல் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பள்ளத்தில் விழும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங். சக்கரம் மேலே எழும்ப, ஸ்பிரிங் சுருங்குகிறது. அடியின் ஆற்றல் அதற்குள் சேமிப்பாகிறது. சேமித்ததை ஸ்பிரிங் வைத்துக்கொள்ளாது. உடனே திருப்பித் தரும். வண்டி மேலே துள்ளும், கீழே இறங்கும், மறுபடி துள்ளும். இந்த ஆட்டத்தை நிறுத்துவதற்காகத்தான் பக்கத்தில் ஷாக் அப்சார்பர் நிற்கிறது. உள்ளே ஒரு குழாய், அது நிறைய எண்ணெய், எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றை மூடியபடி மெல்லிய எஃகு வட்டுகள். எண்ணெய் அந்தச் சந்துகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் பிஸ்டனின் ஓட்டம் தடைபடுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் காற்றில் கலக்கிறது. காரின் ஒரு மூலையில் 300 கிலோ இருந்து, அது 5 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 25 ஜூல். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கிலோமீட்டருக்கு நூறு பள்ளம் இருக்கும் மலையடிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, ஷாக் அப்சார்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள்.

ஸ்பிரிங் எதிர்ப்பது தூரத்தை, ஷாக் அப்சார்பர் எதிர்ப்பது வேகத்தை. மெதுவாக அழுத்தினால் அது முனகாமல் வழிவிடும். வேகமாகக் குத்தினால் முறைத்துக்கொண்டு நிற்கும். கடையில் கையால் அழுத்திப் பார்த்து "இது நல்ல டைட்டா இருக்கு" என்று வாங்குவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான். கை அழுத்தும் வேகம் வேறு, நெடுஞ்சாலைப் பள்ளம் தள்ளும் வேகம் வேறு.

வேகம் இல்லாத இடத்தில் இந்த ஏற்பாடே வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ரத வீதிகளில் நகரும் ஆண்டாள் தேரை எடுத்துக்கொள்வோம். அவ்வளவு எடைக்கு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. தேவையில்லை என்பதே காரணம். ஒரே மேடுபள்ளத்தின்மேல் போகும்போது வண்டிக்குக் கிடைக்கும் குலுக்கலின் முடுக்கம், வண்டி வேகத்தின் இருமடிப்படி ஏறும். மணிக்கு 4 கிலோமீட்டரில் நகரும் தேர் 60-இல் ஓடினால், வேகம் 15 மடங்கு; குலுக்கல் 225 மடங்கு. ஊர் கூடி இழுக்கும் வேகத்தில் ஒரு கல் வெறும் கல். கார் வேகத்தில் அதே கல் சம்மட்டி.

இப்போது எடைக்கு வருவோம். ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு அதற்கே உரிய ஓர் ஆட்ட வேகம் உண்டு. நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பதே அது. அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் குறுக்குவழி எளிது. எடை ஏறியதால் ஸ்பிரிங் மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் விடை. 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஒரு முறை, 16 என்றால் ஒன்றே கால், 4 என்றால் இரண்டரை. பயணிகள் கார்கள் பெரும்பாலும் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்குமாறு அமைக்கப்படுகின்றன. உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு மேல்கீழ் அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 வரையான பகுதி ஆகவே ஆகாது. வயிறும் முதுகெலும்பும் அந்தத் தாளத்துக்குச் சேர்ந்து ஆடிவிடும். சர்வதேச அளவுகோலான ஐஎஸ்ஓ 2631 அதிர்வை எடைபோடும்போது இந்தப் பகுதிக்கு அதிக மதிப்புத் தருவது அதனால்தான்.

குட்டி யானை என்று நம் ஊர் பெயர் வைத்த டாடா ஏஸ் 2005-இல் வந்தது. ஏறக்குறைய முக்கால் டன் ஏற்றும் வண்டி. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: காலியாக இருக்கும்போது பின் அச்சின் ஸ்பிரிங்குகள் தாங்குவது 250 கிலோ. தேங்காய் ஏற்றியதும் 1000 கிலோ. அதாவது நான்கு மடங்கு. காலி வண்டியில் ஸ்பிரிங் 4 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால், லோடு வண்டியில் 16. ஆட்டம் நொடிக்கு இரண்டரையிலிருந்து ஒன்றே காலுக்கு இறங்கிவிடும். காலி குட்டி யானையில் உடம்பு உதறுவதும், லோடு ஏறியதும் அதே வண்டி சொகுசாக மிதப்பதும் இதனால்தான். ஓட்டுநர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும்.

ஷாக் அப்சார்பர் மட்டும் மாறவில்லை. அதே எண்ணெய், அதே ஓட்டைகள். ஆனால் அது செய்யும் வேலையின் தரம் மாறிவிடுகிறது. தணிப்பு விகிதம் என்று ஓர் எண் உண்டு. பூஜ்யம் என்றால் ஆட்டம் நிற்கவே நிற்காது. ஒன்று என்றால் வண்டி ஒருமுறைகூடத் தாண்டி ஆடாமல் தன் நிலைக்குத் திரும்பிவிடும். 0.3 இருந்தால் ஒரு முழு ஆட்டம் முடிவதற்குள் வீச்சு ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 0.1-தான் என்றால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். எடை நான்கு மடங்கானால் இந்த விகிதம் பாதியாகும். லோடுக்கு 0.3 வரும்படி ஷாக் அப்சார்பர் போட்டால் காலி வண்டிக்கு 0.6, காலி வண்டிக்கு 0.3 வரும்படி போட்டால் லோடுக்கு 0.15. இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் சாதாரண ஷாக் அப்சார்பர் கிடையாது. எந்த நிலைக்கு வாங்குவது என்று வண்டிக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் முழு லோடு ஓடும் வண்டிக்கு லோடுதான் உண்மை; மாதம் ஒருமுறை சதுரகிரிக்குக் குடும்பத்தோடு போகும் காருக்கு மீதி 29 நாளும் இரண்டு பேர்தான். பயந்துகொண்டு அந்த ஒரு நாளுக்காக முரட்டு ஐட்டம் வாங்குகிறவர்கள்தான் நான் பார்த்த வரையில் அதிகம்.

ஒன்று வரை தணித்துவிட்டால் ஆட்டமே இருக்காதே, அப்படியே செய்தால் என்ன? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஷாக் அப்சார்பர் வேகத்தை எதிர்க்கிறது. கூர்மையான விளிம்புள்ள பள்ளமோ தார் பெயர்ந்த இடமோ சக்கரத்தை மிக வேகமாக மேலே தள்ளும். முரட்டு ஷாக் அப்சார்பர் அந்த நொடியில் கட்டைபோல் இறுகி, அடியை ஸ்பிரிங்குக்கு விடாமல் தானே உடலுக்குக் கடத்திவிடும். ஆட்டத்தை அடக்க வேண்டிய கருவியே அடியைக் கொண்டு வந்து சேர்க்கும். பயணிகள் கார்களில் 0.2 முதல் 0.4 வரை என்று சமரசம் செய்துகொள்வது அதனால்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. அமுங்கும்போது குறைவாகவும், விரியும்போது அதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகவும் எதிர்க்கும்படி வட்டுகளை அடுக்குகிறார்கள். பள்ளத்தை ஸ்பிரிங் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும், திருப்பித் தரும்போது மெதுவாகத் தரட்டும் என்பது ஏற்பாடு. அதிலும் அளவு மிஞ்சக் கூடாது. விரிவது மிக மெதுவாக நடந்தால், அடுத்த பள்ளம் வருவதற்குள் சக்கரம் முழுதாகக் கீழே இறங்கியிருக்காது. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பர் முட்டுமேல் போய் டங்கென்று இடிக்கும். "ஸ்பிரிங் போச்சு" என்று அப்போது ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் உண்டு. ஸ்பிரிங்மேல் குற்றமே இல்லை.

ஊர் வருவதற்கு முன் சாலைக்குக் குறுக்கே வரிசையாக அடித்திருக்கும் தடித்த வெள்ளைக் கோடுகளைப் பற்றி ஓட்டுநர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: "வேகமாப் போனா குலுக்கல் தெரியாது." பாதி உண்மை. சக்கரம், அச்சு, டயர் ஆகியவை சேர்ந்து தமக்கென்று ஓர் ஆட்ட வேகம் வைத்திருக்கின்றன. அது நொடிக்கு 10 முதல் 15 முறை. கோடுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஐந்தாறு தட்டு. அது நேராக நம் வயிற்றின் தாளம். 50-இல் போனால் 14 தட்டு. உடம்புக்கு அது அவ்வளவாக எட்டாது, மேலே சொகுசாகவே இருக்கும். கீழே சக்கரத்துக்கோ அது, ஊஞ்சல் திரும்பி வரும் கணத்தில் பார்த்துத் தள்ளுவது போன்ற வேலை. ஷாக் அப்சார்பர் சரியாக இருந்தால் அந்தத் துள்ளலை அடக்கிவிடும். தேய்ந்திருந்தால் டயர் சாலையைத் தொட்டும் தொடாமலும் போகும். காற்றில் நிற்கும் டயருக்குப் பிரேக் எதற்கு? முக்கில் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால், குலுக்கல் தெரியாத அந்த வேகத்தின் விலை அப்போது தெரியும். இப்படித் துள்ளித் துள்ளி ஓடிய டயரைக் கையால் தடவினால் மேடும் குழியுமாகத் தட்டுப்படும். அலைன்மென்ட் பார்த்த பிறகும் டயர் அப்படித் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேகத்தடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்றால் பலரும் நம்ப மாட்டார்கள். இந்திய சாலைப் பேரவையின் ஐஆர்சி 99 வழிகாட்டி 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வசதியாகத் தாண்ட வேண்டும் என்பது நோக்கம். தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் முழங்கால் உயரத் திண்டுகளுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை.

இனி நம் ஊரில் நடக்கும் கைவைத்தியங்கள். லோடு வண்டிக்காரர்கள் பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பிளேட் போடுவார்கள். வண்டி தாழாது, உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால், பழைய ஷாக் அப்சார்பரின் தணிப்பு விகிதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதால் கொஞ்சம் தணிப்பு கிடைக்கும். கிரீஸ் வைத்த மறுநாள் அதுவும் போய்விடும். பிளேட் போட்ட பிறகு "ஷாக் வீக்காயிடுச்சு" என்று புகார் வருவது இப்படித்தான். ஷாக் அப்படியேதான் இருக்கிறது, அதற்குக் கொடுத்த வேலை கூடிவிட்டது. காரின் காயில் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் துண்டுகளும் இதே வகை. ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பூட்டிவிட்டால் மிச்சச் சுற்றுகள் விறைக்கும். காரின் அடி தரையில் தட்டாது. பின்சீட்டில் பாட்டிதான் பாவம்.

பைக்கில் பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் ஸ்பிரிங் "ஹார்டு" ஆகிறது என்பதே பொதுவான எண்ணம். ஆகாது. ஸ்பிரிங் கம்பியின் தடிமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாதவரை அதன் விறைப்பு மாறாது. வளையம் செய்வது, ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைத்து வண்டியின் உயரத்தை மீட்டுத் தருவது மட்டுமே. 40 லிட்டர் பால் கேன் இரண்டு தொங்கினால் பாத்திரத்தோடு 90 கிலோவுக்குக் குறையாது. அதை ஏற்றிவிட்டு வளையத்தை மேல்படியில் வைப்பது சரி. பால்கோவாக் கடையில் கேனை இறக்கிவிட்டு அதே படியில் வீட்டுக்குப் போனால் முதுகு கேட்கும்.

அளவு பார்க்க ஓர் இன்ச் டேப் போதும். பைக்கைத் தரையிலிருந்து தூக்கி, பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர்மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு இறக்கி, வழக்கமாக ஏற்றும் ஆளும் சுமையுமாக உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு அதே தூரத்தை அளக்கச் சொல்ல வேண்டும். சக்கரம் மொத்தம் ஓடக்கூடிய தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கியிருந்தால் ஸ்பிரிங் பொருத்தம். வளையத்தைக் கடைசிப் படிக்கு ஏற்றிய பிறகும் பாதிக்குமேல் அமுங்கினால், தேவை அதிக விறைப்புள்ள ஸ்பிரிங். அதற்கேற்ற தணிப்புள்ள ஷாக் அப்சார்பரும் கூடவே வர வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்றுவது வீண் செலவு.

மோனோ ஷாக் பைக்கில் வேறு வண்டியின் ஷாக் அப்சார்பரை மாட்டிப் பார்ப்பது இளவட்டங்களுக்குப் பிடித்த விளையாட்டு. நீளமும் ஓட்டையும் ஒத்துப்போனால் பொருந்திவிட்டதாக நினைக்கிறார்கள். சக்கரம் 2 சென்டிமீட்டர் ஏறும்போது ஷாக் 1 சென்டிமீட்டர் அமுங்கும் அமைப்பு என்றால், சக்கரத்துக்குக் கிடைக்கும் விறைப்பு பாதியல்ல, கால் பங்கு. விசையும் பாதியாகிறது, தூரமும் பாதியாகிறது, இரண்டும் பெருகிவிடும். நெம்புகோல் விகிதம் வண்டிக்கு வண்டி மாறுவதால், ஒரு பைக்கில் வெண்ணெயாக ஓடிய ஷாக் இன்னொன்றில் உலக்கையாகும். நீளம் ஓர் அங்குலம் கூடினாலே முன் ஃபோர்க்கின் சாய்வு மாறி, ஹேண்டில் துடிக்கத் தொடங்கலாம்.

இரு சக்கர வண்டிகளில் இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தமிழ்நாட்டோடு பழைய உறவு. மேலும் கீழும் ஆடும் ஃபோர்க்கும் எண்ணெய் ஷாக் அப்சார்பரும் பின் சக்கரத்துக்கு வைத்த ராயல் என்ஃபீல்டு புல்லட் இங்கிலாந்தில் 1940-களின் கடைசியில் வந்தபோது, மற்றப் பல பைக்குகளின் பின் சக்கரம் சட்டத்தோடு இறுகிக் கிடந்தது. 1955-இல் அந்த வண்டி சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் நிலைத்தது. இன்று டிவிஎஸ் வண்டிகள் தயாராகும் ஓசூரிலேயே கேப்ரியலின் ஷாக் அப்சார்பர் தொழிற்சாலையும் இருக்கிறது.

கேஸ் ஷாக் பற்றியும் சொல்லியாக வேண்டும், கடையில் முதலில் காதில் விழுவது அதுதான். உள்ளே இருக்கும் நைட்ரஜன் மெத்தை போலத் தாங்குகிறது என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். பிஸ்டன் வேகமாக ஓடும்போது அதன் பின்பக்கம் அழுத்தம் சரிந்து எண்ணெயில் குமிழி கட்டும். நுரைத்த எண்ணெய் ஓட்டைகள் வழியே தடையில்லாமல் நழுவிவிடும். வாயுவின் வேலை எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்து நுரைக்கவிடாமல் செய்வது. பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் தெ கார்போன் 1950-களில் ஒற்றைக் குழாய்க்குள் மிதக்கும் தடுப்பு ஒன்றை வைத்து, எண்ணெயையும் உயர் அழுத்த வாயுவையும் பிரித்துக் காட்டினார். தொடர்ந்து மோசமான சாலையில் வேகமாக ஓடுகிறவர்களுக்கு அது நிஜமான லாபம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே நிதானமாகப் போய்வருகிற ஸ்கூட்டருக்கு எண்ணெய் ஷாக்கே தாராளம். பக்கத்தில் ஒட்டிய தங்க நிற வாயுக் குப்பிக்குக் காசு கொடுக்குமுன், அது உள்ளே இணைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவு ஐட்டங்களில் அது வெறும் நகையாக இருப்பதும் உண்டு.

ஷாக் அப்சார்பரால் ஆகாத வேலையும் இருக்கிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஏற்றும் வண்டியில் சுமை உயரமாக நிற்கும், தேங்காய் அளவுக்குக் கனக்காது. அந்த வண்டி வளைவில் சாய்கிறது என்று ஷாக் மாற்றினால் பணம்தான் போகும். எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் சாயும் என்பது மட்டுமே ஷாக் அப்சார்பரின் கையில்.

பழையது போய்விட்டதா என்று பார்க்கக் காரின் மூலையை அழுத்திவிடும் பழைய சோதனை மோசமில்லை. விட்டவுடன் மேலே வந்து, ஒருமுறை தாழ்ந்து நின்றுவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயுசு முடிந்தது. குழாயில் லேசான எண்ணெய்ப் பசை இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். சொட்டு வடிந்து தூசி சேறாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ற கணக்கை நான் நம்புவதில்லை. நெடுஞ்சாலைக் கிலோமீட்டரும் கரட்டுப்பாதைக் கிலோமீட்டரும் ஒன்றாகுமா?

மாற்றும்போது ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குழாய்க்குள் குழாயாக அமைந்த இரட்டைக் குழாய் ஷாக் அப்சார்பர் பெட்டியில் படுத்துக் கிடந்திருக்கும். உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கிவிட்டால் காற்று வெளியேறும். கடைசியாக ஒன்று, அவசரத்தில் பல இடங்களில் விட்டுவிடுவது: சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டை முழுதாக முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில மாதத்தில் கிழிந்துவிடும். ஜாக்கியை எடுத்து, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே ஸ்பானரைக் கடைசிச் சுற்றுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.